ஆய்வகத்துக்கும் தொழுவத்துக்கும் நடுவில் ஒரு வேலை காலி

எம்.வி.எஸ்சி., பிஎச்.டி. முடித்த பலரும் உதவிப் பேராசிரியர் நோட்டிஃபிகேஷனுக்காகவே காத்திருக்கிறார்கள். சீட் கொஞ்சம், கியூ நீளம். அரசுப் பணத்தில் உருவான ஒரு வேக்சினையோ தாது உப்புக் கலவையையோ கம்பெனியிடம் லைசென்ஸுக்குக் கொடுத்து, மாடு வரைக்கும் கொண்டுசேர்க்கத் தெரிந்த ஆள் மட்டும் எளிதில் கிடைப்பதில்லை. அந்த இடத்தைப் பிடியுங்கள்.

1. ஒரு கேஸை அக்குவேறு ஆணிவேறாகப் படியுங்கள். தோல் கழலை நோய் வேக்சின் நல்ல கேஸ். 2019-இல் ராஞ்சியில் எடுத்த வைரஸிலிருந்து அதை உருவாக்கியவை ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையமும் இஸ்ஸத்நகர் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும். (மாட்டு நோய்க்குக் குதிரை மையமா என்று சிரிக்காதீர்கள். அங்கே வைராலஜி திறமை இருந்தது.) 2022 ஆகஸ்ட் 10 அன்று 'லம்பி-புரோவேக்இண்ட்' என்ற பெயரில் அறிமுகம். அதே ராஞ்சி வைரஸை வைத்து பயோவெட் கம்பெனி தயாரித்த 'பயோலம்பிவேக்சின்' மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் லைசென்ஸ் வாங்கியது 2025 பிப்ரவரியில். நடுவில் இரண்டரை வருடம்! ஒரு வேக்சின் ஆய்வகத்தைத் தாண்டியதும் எல்லா பேட்சும் ஒரே தரத்தில் வர வேண்டும், பாதுகாப்புச் சோதனைகள் முடிய வேண்டும், டோசியர் எழுத வேண்டும், கோல்ட் செயின் அமைக்க வேண்டும். சம்பளம் தரும் வேலைகள் எல்லாம் இங்கேதான். ரெகுலேட்டரி டோசியர் எழுதத் தெரிந்தவருக்கு, இன்னும் இரண்டு பேப்பர் போட்டவரைவிட மவுசு அதிகம்.

2. பேப்பருக்கு முன் பேட்டன்ட். முதலில் பேப்பர் வந்துவிட்டால் புதுமை போச்சு. விதிவிலக்குகள் மிகக் குறைவு. புரொவிஷனல் மனு போட்டால், முழு விவரம் தர 12 மாதம் கிடைக்கும். எதற்குப் பேட்டன்ட் கிடைக்காது என்பதையும் தெரிந்து வையுங்கள். இந்தியப் பேட்டன்ட் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி விலங்கினங்களுக்குக் கிடையாது, சிகிச்சை முறைகளுக்குக் கிடையாது, பாரம்பரிய அறிவுக்கும் கிடையாது. நந்தனம் போன்ற கோழி இனத்தில் வருமானம் பார்க்க வேண்டுமானால் குஞ்சு விற்றுத்தான் பார்க்க வேண்டும். மடிநோய்க்குக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசும் வைத்தியத்தை உங்கள் கண்டுபிடிப்பு என்று மனுப் போட்டால் திரும்பி வரும்.

3. லைசென்ஸை வரிவரியாகப் படியுங்கள். அரசு நிறுவனங்கள் பெரும்பாலும் நான்-எக்ஸ்க்ளூசிவாகவே தருகின்றன. நீங்கள் வாங்கியதையே உங்கள் போட்டியாளரும் வாங்கலாம்; ஆட்டுக்கொல்லி நோய் வேக்சினைப் பல கம்பெனிகள் தயாரிக்கின்றன. டெக்னாலஜி கையில் இருப்பதால் மட்டும் ஜெயிக்க முடியாது. டீலர் நெட்வொர்க், விலை, சப்ளை நேரம் ஆகியவற்றில்தான் முந்த முடியும். முன்பணம் எவ்வளவு, ராயல்டி எத்தனை சதவீதம், எத்தனை வருடம் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். கூச்சப்பட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

4. காலையில் பால் சொசைட்டியில் போய் நில்லுங்கள். கேனை இறக்கி வைத்தவர் கையில் வரும் சீட்டில் லிட்டர், ஃபேட், எஸ்.என்.எஃப்., தொகை. அவர் பார்ப்பது கடைசிக் கட்டத்தை மட்டும். தாது உப்புக் கலவையைப் பற்றி அவரிடம் "நுண்தாதுக்களின் உயிர்க்கிடைப்புத்திறன்" என்று ஆரம்பித்தால் சைக்கிளை எடுத்துவிடுவார். "ஒரு நாளைக்கு 50 கிராம், ஒரு கிலோ பாக்கெட் 20 நாள் வரும், ஒரு மாட்டுக்கு நாளைக்கு இவ்வளவு செலவு" என்று சொன்னால் நின்று கேட்பார். அடுத்து அவர் கேட்பது "பால் எவ்வளவு கூடும்?" என்றுதான். அதற்கு உங்கள் ஃபீல்டு டிரையல் டேட்டாவில் நேரான பதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் புராடக்ட் இன்னும் ரெடியாகவில்லை. அளந்துவிடாதீர்கள், மறுவாரம் அதே சீட்டு உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

5. இன்டர்வியூவில் தீசிஸ் தலைப்பை ஒப்பிக்காதீர்கள். எந்த டெக்னாலஜி, யாருக்குக் கைமாறியது, அதில் உங்கள் பங்கு என்ன — மூன்று வரி போதும். ரெஸ்யூமேயிலும் இதுதான் முதல் பக்கம்.

வேளாண் ஆராய்ச்சி கவுன்சிலின் டெக்னாலஜிகளை லைசென்ஸுக்கு விடும் அரசு நிறுவனமான அக்ரிஇன்னோவேட் 2011 முதல் இயங்குகிறது. அதன் பட்டியல் யாரும் பார்க்கக்கூடியது. அதில் கால்நடைப் பிரிவில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். யார் வாங்குவார்கள், என்ன விலைக்கு, எந்த அனுமதி பாக்கி என்று இரண்டு பக்கம் எழுதி, ஒரு கம்பெனியின் பிசினஸ் டெவலப்மென்ட் மேனேஜருக்கு இந்த வாரமே அனுப்புங்கள்.