கிறிஸ்தவ தத்துவத்தில் ஆன்மாவும் உடம்பும்

உடம்பின் வேறாய் உயிரென ஒரு பொருள் உண்டென்போரே கடவுட்கொள்கை யுடையவரென்றும், உடம்பையன்றி உயிர் வேறில்லை யென்போர் யாவரும் கடவுளை மறுப்பவரென்றும் நம்மவருட் பலர் கருதுகின்றனர். உலகாயதர்க்கு இது பொருந்தும். கிறிஸ்தவ தத்துவ நூலார்க்குப் பொருந்தாது. ஆன்மா தனிப்பொருள் என்போரும், மனிதன் முழுவதும் சடமே யென்று கொண்டும் கடவுளை வழிபடுவோரும் அச்சமயத்துள் உளர். இஃது எங்ஙனங் கூடுமென்பதை ஈண்டு ஆராய்வாம். பிறர் கொள்கையை அவர் கொண்டவாறே அறிந்த பின்னரன்றோ அதனைக் குறித்துப் பேசுதல் முறையாம்.

முதற்கண் ஒரு சொல்லைத் தெளிதல் வேண்டும். நம் சித்தாந்தம் மனத்தை அந்தக்கரணங்களுள் ஒன்றாகவும், மாயையின் காரியமாகிய சடமாகவும் கொள்ளும். டேக்கார்ட் முதலிய ஐரோப்பிய நூலார் மனம் என்னுமிடத்து, நினைக்கின்ற ஆன்மாவையே குறிப்பர். ஆதலின் அவர் மனமும் உடம்பும் எனத் தொடுக்கும் வழக்கை ஆன்மாவும் உடம்பும் என்றே கொள்க.

பிரான்சு தேசத்தவராகிய டேக்கார்ட் 1641 ஆம் ஆண்டில் வெளியிட்ட தியானங்கள் என்னும் நூலிற் கூறியது வருமாறு: எதனை ஐயுறினும், ஐயுறுகின்ற தான் உளன் என்பதை ஒருவன் ஐயுறலாகாது. நினைத்தல் ஆன்மாவின் இயல்பு. நீளம் அகலம் ஆழங் கொண்டு இடத்தை அடைத்தல் உடம்பின் இயல்பு. ஒன்று மற்றொன்றின்றித் தெளிவாக அறியப்படுதலின், கடவுளின் வல்லமையால் ஒன்று மற்றொன்றின்றி நிற்றலுங் கூடும். ஆகவே அவை இருவேறு பொருள்களாம். இதனை இருபொருள் வாதம் என்பாம்.

இதற்கு 1643 ஆம் ஆண்டில் வலியதோர் தடை எழுந்தது. நாடிழந்து ஒல்லாந்தில் வாழ்ந்த பொகீமிய அரசகுமாரி எலிசபெத்து என்பார் கடித வாயிலாக அவரை வினாவினார். ஒரு பொருளை மற்றொன்று தள்ளுதற்குத் தொடுதல் வேண்டும். தொடுதற்கு இடங் கொண்டிருத்தல் வேண்டும். இடங்கொள்ளாத ஆன்மா உடம்பை அசைக்குமாறு எங்ஙனம்? அருவப்பொருள் உடம்பை அசைக்குமென ஒப்புவதினும், ஆன்மாவும் இடங்கொள்ளும் சடப்பொருளே யென ஒப்புதல் தமக்கு எளிதெனவும் அவ்வம்மையார் எழுதினார். இரண்டின் கூட்டுறவை நாடோறும் அநுபவத்தால் அறிகின்றோமென்பது டேக்கார்டின் விடை. 1649 இல் வெளிவந்த நூலில், மூளையின் நடுவிலுள்ள கூம்புச் சுரப்பியை ஆன்மாவின் முதன்மையான தானமாக அவர் குறித்தார். இடம் காட்டப்பட்டதேயன்றி வினா விடுபடவில்லை யென்க. பின்வந்த மாலபிராஞ்சு என்னும் குருவானவர், ஆன்மா உடம்பை அசைப்பதில்லை; யாம் கையை உயர்த்த விரும்புந் தோறும் கடவுளே உயர்த்துகின்றார் என்றார். தடை நீங்கிற்று, ஆயின் நம் செயல் நம்முடையதென்பதும் உடன் தளர்ந்தது.

ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகட்கு முன்னரே வேறொரு வழி வகுத்தவர், 1274 இல் இறந்த தோமஸ் அக்குவைனஸ். அவர் அரிஸ்தோத்திலைப் பின்பற்றி, ஆன்மா உடம்பிற் குடியிருக்கும் அயற்பொருளன்று. உடம்பை உயிருடம்பாக அமைக்கும் உருவமே அது என்றார். 1312 இல் வியன் நகரச் சங்கமும் ஆன்மா உடம்பின் உருவமென வரையறுத்தது. இவர் மதத்தில், அறிதற்றொழில் உடலுறுப்பொன்றன் தொழிலன்றாதலின், உடம்பு அழிந்த பின்னும் ஆன்மா நிற்கும்; ஆயினும் அவ்வான்மா மாத்திரம் முழுமனிதனன்று. உருவம் தான் அமைத்த பொருளை இழந்து தனித்து நிற்குமாறு யாங்ஙனம் என்பது இக்கொள்கைக்கு எழுந் தடை.

இனி, சடவாதங் கொண்ட கிறிஸ்தவரை நோக்குவாம். பிராணவாயுவை 1774 இல் ஆராய்ந்து கண்ட ஜோசேப்பு பிறீஸ்ற்லி, இங்கிலாந்தில் ஒரு கிறிஸ்தவ போதகர். சடம் செயலற்றதன்று, இழுத்தலும் தள்ளுதலுமாகிய சத்திகளை யுடையது. நினைத்தலும் மூளையின் சத்தியே யென அவர் 1777 இல் ஒரு நூலெழுதி நிறுவ முயன்றார். இறந்தபின் உயிர் யாதாம் எனின், கிறிஸ்தவரின் விசுவாசப் பிரமாணம் உடம்பின் உயிர்த்தெழுதலைக் கூறுகின்றது. கடவுள் இறுதியில் மனிதனை எழுப்புவாராதலின், அழியா ஆன்மா வேண்டுவதில்லை யென்பர். சடவாதியும் விசுவாசியாதற்கு வழி இதுவே.

அற்றேல், எழுபவன் இறந்தவனே யென்பது எங்ஙனம் பெறப்படும்? குயவன் உடைந்த பச்சைக் குடத்தை மிதித்துக் குழைத்து, அம்மண்ணாலேயே அவ்வடிவில் மற்றொன்று வனைந்தால், அது பழைய குடமோ, அதனை யொத்த புதுக்குடமோ? இத்தடையை உணர்ந்த அமெரிக்கராகிய வான் இன்வாகன், 1978 இல் எழுதிய கட்டுரையில், கடவுள் இறந்தார் உடம்பையே அழியாது காத்தலுங் கூடுமென்றார். கூடுமென்றதன்றி அங்ஙனமே நிகழுமென்று அவர் சாதித்திலர்.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. மகவை இழந்த கிறிஸ்தவத் தாயொருத்தி, என் பிள்ளை இப்பொழுது எங்கேயென வினாவுவாளாயின், டேக்கார்ட் வழியினர், பிள்ளை ஆன்மாவாய் இன்றும் உளது என்பர். அக்குவைனஸ் வழியினர், ஆன்மா உளது, பிள்ளை முழுமையாய் எழுநாள் பின்னுளது என்பர். பிறீஸ்ற்லி வழியினர், உணர்வின்றித் துயில்கின்றது, எழுப்பப்படும் என்பர். முதல்விடை ஆறுதலளிப்பினும் உடம்பை அயற்பொருளாக்குகின்றது. மூன்றாம்விடை உடம்பைப் போற்றினும் இடைக்காலத்தில் பிள்ளையை இழக்கின்றது. நடுவிடை இரண்டையுங் காக்கப் புகுந்து இரண்டன் சுமையையும் தாங்குகின்றது.

ஆதலின் கிறிஸ்தவர் கொள்கை இதுவென ஒரு சொல்லிற் கூறி வாதிடப் புகுவோர், தம்மெதிர் நிற்பவர் இம்மூவருள் யாவர் வழியினரென முன்னர் வினாவுக. ஒவ்வொரு கொள்கையும் எதனைக் காக்க எழுந்தது, அதன்பொருட்டு எதனை விட்டது எனச் சீர்தூக்கின், வீண்வாதம் ஒழிந்து மெய்யாராய்ச்சி விளங்கும்.