போன வருஷக் காரில் எதை எடுக்கலாம், எதை விடலாம்

துவாக்குடியில் எனக்குப் பழக்கமான ஒரு லேத் பட்டறைக்கு ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு சாக்கோடு வருவார்கள். சாக்குக்குள் போன வருஷம் அவர்கள் ஓட்டிய பந்தயக் காரின் சாமான்கள் இருக்கும்.

“அண்ணே, இந்த ஹப்பை அப்படியே மாட்டிக்கலாமா?”

“எத்தனை கிலோமீட்டர் ஓடுச்சு தம்பி?”

“தெரியலண்ணே. சீனியர்ஸ் செஞ்சது.”

“என்ன மெட்டீரியல்?”

“அலுமினியம், செவன் ஜீரோ செவன் ஃபைவ்னு சொன்னாங்க.”

“யார் சொன்னாங்க?”

பாய்லர் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பல வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் வேலை பார்த்தவன் நான். அந்தக் கடைசிக் கேள்வி என் வாயிலும் தானாக வரும். பெல் நிறுவனத்தை நம்பி வளர்ந்த திருச்சிப் பட்டறைகளில் பாய்லர் குழாய் ஒவ்வொன்றுக்கும் ஹீட் நம்பர் உண்டு. எந்த உருக்கில் வந்த எஃகு என்று சொல்லும் எண் அது. குழாயை வெட்டுவதற்கு முன் அந்த எண்ணை மிச்சத் துண்டிலும் பதித்துவிட்டுத்தான் வெட்டுவார்கள். எண் அழிந்த குழாய் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பாய்லருக்குப் போகாது. யார் வீட்டுக் கொல்லையிலாவது கொடிக்கம்பமாக நிற்கும். மாணவர் காருக்குப் பழைய சாமானைப் பொறுக்கவும் நான் இதே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறேன். சாமானின் வயதை அப்புறம் கேட்கலாம். அது என்னென்ன பட்டது என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்பதை முதலில் கேட்க வேண்டும்.

பிள்ளைகள் தயாராவது பெரும்பாலும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு. கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஜனவரியில் நடக்கும். இங்கே திருச்சி என்.ஐ.டி.யில் பிஎஸ்ஐ ரேசிங் என்று ஒரு குழு இருக்கிறது. இவ்வகைப் போட்டிகளில் எஞ்சின் நான்கு ஸ்ட்ரோக், 710 சி.சி.க்குள் இருக்க வேண்டும். எஞ்சினுக்குள் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துளை ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும். மொத்த மதிப்பெண் 1000. அதில் வடிவமைப்புக்கு 150. சுமார் 22 கிலோமீட்டர் ஓடும் எண்டூரன்ஸுக்குத்தான் எல்லாவற்றையும் விட அதிகம். எண்டூரன்ஸை முடிக்காமல் நிற்கிற கார்கள் பெரும்பாலும் சின்ன சாமான் ஒன்று கைவிட்டதால் நிற்பவை.

சேசிஸ் விஷயத்தில் தேர்வுக்கே இடமில்லை. போன வருஷக் கூண்டை அப்படியே கொண்டுபோனால் புதிய கார் என்று ஏற்க மாட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் ராயகோபுரத்துக்கு நேர் எதிர் இது. அங்கே பல நூறு வருஷம் மொட்டையாக நின்ற பழைய அடித்தளத்தின் மேல்தான் 236 அடிக் கோபுரத்தை எழுப்பி 1987-ல் குடமுழுக்கு செய்தார்கள். காரில் அடித்தளம் புதிது, மேலே ஏறுவது பழசாக இருக்கலாம். ஆனால் போன வருஷம் மிஞ்சிய குழாயைப் புதுக் கூண்டில் சேர்க்க நினைத்தால் ஹீட் நம்பரும் மில் சான்றிதழும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஒரு துண்டு கூடச் சேர்க்கக் கூடாது. சீம்லெஸ் குழாயும் நீளவாக்கில் வெல்டிங் போட்ட ஈ.ஆர்.டபிள்யூ. குழாயும் பெயின்ட் அடித்தபின் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

மற்ற சாமான்களுக்கு நான்கு வழி உண்டு: சொந்தப் பழைய காரில் கழற்றியது, பழைய சாமான் கடையில் வாங்கியது, ஷோரூம் உதிரிபாகம், கம்பியில் தொடங்கி ஆணி வரை நாமே செய்வது. பிள்ளைகளுக்கு ஆசை எல்லாம் நான்காவதில். நாட்காட்டியைப் பார்த்தால் ஆசை அடங்கும். அக்டோபரில் மழை தொடங்கும். நவம்பரில் செமஸ்டர் தேர்வு. மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம். பொங்கலுக்கு வெல்டரும் லேத்காரரும் ஊருக்குப் போய்விட்டால் ஒரு வாரம் பட்டறை திறக்காது. போட்டி அதற்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். எல்லாவற்றையும் புதிதாகச் செய்யும் குழு, ஓட்டிப் பார்க்காத காரோடு கோவைக்குப் போகும்.

கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் பெயர் தந்த கரிவரதன் ஒரு காலத்தில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைச் செய்தார். நரேன் கார்த்திகேயன் தொடங்கியதும் அந்த வகைக் காரில்தான். உதிரிபாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் என்பதே அந்தக் காரின் பலம். மூன்றாவது வழியை மட்டமாக நினைக்கும் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்வேன்.

இனி எஞ்சின். பலரும் கே.டி.எம். 390 ட்யூக்கின் 373 சி.சி. எஞ்சினை வைக்கிறார்கள். விபத்தில் நொறுங்கிய வண்டியின் எஞ்சின் சென்னை புதுப்பேட்டையிலோ இன்சூரன்ஸ் ஏலத்திலோ கிடைக்கும். போன வருஷக் காரின் எஞ்சினோ கையிலேயே இருக்கிறது. எது மேல்? கையில் இருப்பதுதான் என்று உடனே சொல்வார்கள். நான் சற்று யோசிப்பேன்.

பைக் வளைவில் சாயும். அதனால் எண்ணெய் எஞ்சினின் அடியிலேயே கிடக்கும். கார் சாயாது. ஸ்கிட்பேடில் வட்டமடிக்கும்போது எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும், பம்ப் காற்றை உறிஞ்சும், கிராங்க் பேரிங் வறண்டு ஓடும். எண்ணெய்த் தொட்டிக்குள் தடுப்புத் தகடு வைக்காமல் ஒரு சீசன் ஓடிய சொந்த எஞ்சினை விட, ஷோரூம் பராமரிப்பில் சாலையில் ஓடி முன்பக்கம் மட்டும் அடிபட்ட வண்டியின் எஞ்சினை நான் நம்புவேன். தடுப்புத் தகடு இருந்து, எண்ணெய் அழுத்தம் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பதிவாகியிருந்தால் சொந்த எஞ்சினுக்கு ஈடே கிடையாது.

இரண்டில் எதுவானாலும் முதலில் பழைய எண்ணெயை வடித்து, ஃபில்டரை அறுத்து, காகிதத்தை வெயிலில் விரித்துப் பாருங்கள். ஜிகினா மாதிரி மின்னினால் எஞ்சினைப் பிரிக்காமல் மாட்டக் கூடாது. காந்தத்தில் ஒன்றும் ஒட்டவில்லை என்று சமாதானம் ஆக வேண்டாம். பேரிங் உலோகம் பல நேரம் காந்தத்தில் ஒட்டாது. கம்ப்ரஷன் அளவு நன்றாக இருக்கிறதே என்பதும் பாதி ஆறுதல்தான். அது பிஸ்டன் ரிங், வால்வு பற்றிய சேதி, அடியில் இருக்கும் கிராங்க்கைப் பற்றி எதுவும் சொல்லாது. வெளியில் வாங்கினால் எஞ்சின் எண் போட்ட பில்லும் வண்டியின் ஆவணமும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். திருட்டு வண்டி எஞ்சின் என்றால் கல்லூரி முதல்வர்தான் காவல் நிலையத்தில் உட்காருவார். இன்னொன்று: 2023-ல் வந்த புது 390 ட்யூக்கின் எஞ்சின் 399 சி.சி. பெயர் ஒன்றுதானே என்று உதிரிபாகம் வாங்கிவிடக் கூடாது.

ஸ்டீயரிங் ரேக்கில் என் தீர்ப்பு தலைகீழ். மாருதி 800-இன் பழைய ரேக் மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அந்தக் கார் தன் ஆயுளில் பெரும்பகுதி நேராகத்தான் போயிருக்கும். பல் தேய்ந்திருப்பது நடுவில். நடுவில் ஆட்டம் இருக்கிறதே என்று திருகை இறுக்கினால் இரண்டு ஓரத்திலும் பிடிக்கும். ஓரத்துக்காகத் தளர்த்தினால் நடுவில் ஆடும். விதிப்படி ஸ்டீயரிங் சக்கரத்தில் மொத்த ஆட்டம் 7 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. மேலே ஒரு யூனிவர்சல் ஜாயின்ட்டும் சேர்ந்தால் அந்த 7 டிகிரி சீக்கிரம் தீர்ந்துவிடும். போன வருஷம் நீங்களே செய்த ரேக் கையில் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் புது உதிரிபாகம். கடைப் பழசு வேண்டாம்.

ஹப், அப்ரைட் போன்ற அலுமினியச் சாமான்களில்தான் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். எஃகுக்கு ஒரு எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கீழே எத்தனை முறை வளைத்தாலும் பொறுத்துக்கொள்ளும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது. ஒவ்வொரு சுற்றும் அதன் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். ஆகவே எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று தெரியாத அலுமினிய ஹப், கணக்கு தெரியாத கடன்.

திருச்சியில் இதற்கு வழி பக்கத்திலேயே இருக்கிறது. பாய்லர் வெல்டிங் நடக்கிற எந்தப் பட்டறையிலும் டி.பி. டெஸ்ட் செய்யும் மூன்று ஸ்ப்ரே டப்பா இருக்கும். சாமானை கிளீனரால் துடைத்து, சிவப்புச் சாயம் அடித்து, பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு, துணியால் துடைத்தெடுத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு எழும்பி வரும். போல்ட் துளை ஓரம், படி மாறும் மூலை, சாவிப் பள்ளம், இந்த மூன்றையும் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். பெயின்ட்டை ரசாயனத்தால் எடுங்கள். மணல் வீசிச் சுத்தம் செய்தால் விரிசலின் வாய் மூடிக்கொள்ளும், சாயம் உள்ளே போகாது. நான் வேலை பார்த்த இடத்தில் ஒருமுறை இப்படிப் பளபளவென்று சுத்தம் செய்து அனுப்பிய சாமானை நானே பாஸ் செய்தேன். மூன்று மாதத்தில் பிளந்து திரும்பி வந்தது.

பிரேக்குக்கு வருகிறேன். திருவாரூர் ஆழித் தேருக்கு இரும்பு அச்சும் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது திருச்சி பெல். மரத்தேர் பழைய முறையிலேயே இருக்க, ஆளைக் காப்பதை மட்டும் புதிதாக்கினார்கள். காரிலும் காலிப்பரின் உடலைப் பழசாக வைத்துக்கொள்ளலாம், உள்ளே இருக்கும் ரப்பர் சீல் எல்லாம் புதிதாக வேண்டும். பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. நம் ஊர் ஐப்பசி மழையில் திறந்து கிடந்த டப்பாவைக் கொட்டிவிடுங்கள். மாஸ்டர் சிலிண்டர் எப்போதும் புதிது. டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், மைக்ரோமீட்டரால் பல இடத்தில் அளந்து பாருங்கள். நான்கு சக்கரமும் ஒருசேர லாக் ஆகிக் காட்டாத காரை ஓட விட மாட்டார்கள்.

சீட் பெல்ட்டில் பேரமே இல்லை, லேபிளில் உள்ள தேதி முடிந்தால் குப்பை. நைலாக் நட்டும் அப்படித்தான், கழற்றியதைத் திரும்பப் போடாதீர்கள். சஸ்பென்ஷன் ராட் எண்டை விரலால் ஆட்டிப் பார்த்தால் போதும், லேசாகக் கடகடத்தாலும் வேண்டாம். பழைய வயரிங்கை அப்படியே மாற்றிப் போடும் யோசனையை மறந்துவிடலாம். ஈ.சி.யு.வும் சென்சாரும் மட்டும் பிழைக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் எந்த வாரம், எந்த வருஷம் என்று சொல்லும். பந்தய ரப்பர் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஒரு கோடை கிடந்தாலே இறுகிவிடும். அதைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், போட்டிக்கு வேண்டாம். பேட்டரி கார் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒவ்வொரு செல்லின் சார்ஜ் பதிவும் இல்லாமல் பழைய செல்லைப் புதுசோடு கலக்காதீர்கள்.

வடிவமைப்பு நடுவர்கள் பழசைக் கண்டு முகம் சுளிப்பார்கள் என்று பயப்படுகிறார்கள். அவர்கள் ஏன் என்றுதான் கேட்பார்கள். “இந்த அப்ரைட் போன வருஷம் 400 கிலோமீட்டர் ஓடியது, பிரித்துப் பார்த்தோம், விரிசல் இல்லை, மிச்சப்பட்ட ஆறு வாரத்தில் சஸ்பென்ஷனைச் சோதித்தோம்” என்று சொன்னால் அது நல்ல பதில். “நேரம் இல்லை சார்” என்பதும் உண்மைதான், மதிப்பெண்தான் வராது.

காரில் ஏறாத பழசை யாரும் நினைப்பதில்லை. கூண்டை நிறுத்தி வெல்டிங் செய்யும் ஜிக், சீட் வார்த்த அச்சு, ஃபைபர் மூக்கின் மோல்ட். இவை தேய்வதில்லை, விதியும் தடுப்பதில்லை. செப்டம்பரில் ஒரு மாதத்தை மிச்சப்படுத்துபவை இவைதான். அறையில் இடம் போதவில்லை என்று ஒரு குழு தன் ஜிக்கைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டதைக் கேட்டு அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சாக்கோடு வந்த பிள்ளைகளின் நான்கு ஹப்புக்கும் அன்று மாலையே சாயம் அடித்தோம். மூன்றில் ஒன்றும் இல்லை. நான்காவதில் போல்ட் துளையிலிருந்து மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு கிளம்பியது. லேத்காரர் எதுவும் சொல்லாமல் அதை அறுத்து இரண்டாக்கி மூலையில் போட்டார். மற்ற மூன்றிலும் எண் பொறிக்கச் சொல்லி எழுத்தச்சுப் பெட்டியையும் சுத்தியலையும் நகர்த்தி வைத்தார். கூட வந்த பெண் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, முதல் வரியில் தேதி போட்டு, ஓடிய தூரம் என்ற இடத்தில் கேள்விக்குறி போட்டாள்.

“கேள்விக்குறி போட்டா பயிற்சிக்கு மட்டும்தாம்மா” என்றார் லேத்காரர்.