செவ்வாயில் சிக்கிய சாவி

1997ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், அமெரிக்காவின் நாசா அனுப்பிய 'மார்ஸ் பாத்ஃபைண்டர்' விண்கலம் செவ்வாய்க் கோளில் இறங்கியது. காற்றுப்பைகளால் சூழப்பட்டிருந்த அது, பந்தைப் போலத் துள்ளித் துள்ளி உருண்டு நின்றது. பின்னர், 'சொஜர்னர்' என்ற ஆறு சக்கரச் சிற்றூர்தி அதிலிருந்து செவ்வாயின் தரைக்கு இறங்கிச் சென்றது. சிவந்த நிலத்தின் படங்களை உலகமே வியந்து பார்த்தது.

அந்த மகிழ்ச்சிக்கு இடையே ஒரு கவலையும் எழுந்தது. வானிலைத் தகவல்களைத் திரட்டத் தொடங்கிய சில நாள்களில், விண்கலத்தின் கணினி திடீரெனத் தன்னைத்தானே நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கியது. இப்படிப் பல முறை நிகழ்ந்தது. ஒவ்வொரு முறையும் அன்றைய எஞ்சிய பணிகள் மறுநாளுக்குத் தள்ளிப்போயின. 30 நாள் மட்டுமே இயங்கத் திட்டமிடப்பட்ட கலத்திற்கு ஒரு நாள் இழப்பும் பேரிழப்பே. ஏறக்குறைய 19 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்த கணினியை யார் சென்று பழுதுபார்ப்பது?

சிக்கலைப் புரிந்துகொள்ள, கணினி வேலை செய்யும் முறையை முதலில் அறிய வேண்டும். பாத்ஃபைண்டரின் கணினியில் பல பணிகள் ஒரே காலத்தில் நடைபெற்றன. ஒரு பணி கருவிகளிடமிருந்து தகவல்களைப் பெற்றுப் பிற பணிகளுக்குப் பகிர்ந்தளித்தது. மற்றொரு பணி வானிலையைக் கவனித்தது. வேறு சில பணிகள் தத்தம் வேலைகளைச் செய்தன. ஆயினும், அக்கணினியில் இருந்தது ஒரே செயலிதான். எனவே, ஒவ்வொரு பணிக்கும் முன்னுரிமை வகுக்கப்பட்டிருந்தது. தகவல் பகிரும் பணிக்கு உயர்ந்த முன்னுரிமை. வானிலைப் பணிக்குத் தாழ்ந்த முன்னுரிமை. உயர்ந்த பணி வந்தால் தாழ்ந்த பணி விலகி வழிவிட வேண்டும்.

இப்பணிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ள நினைவகத்தில் பொதுவான ஓர் இடம் இருந்தது. அதனைப் பகிர்வு நினைவகம் எனலாம். அனுப்பும் பணி செய்தியை அங்கே வைக்கும். பெறும் பணி அதனை எடுத்துக்கொள்ளும். ஒரு பணி எழுதிக்கொண்டிருக்கும்போதே மற்றொன்று கைவைத்தால், பாதி பழையதும் பாதி புதியதுமாகச் செய்தி சிதைந்துவிடும். இதனைத் தடுக்கவே அந்த இடத்திற்கு ஒரு பூட்டு போடப்படுகிறது. சாவியை வைத்திருக்கும் பணி மட்டுமே உள்ளே செல்லலாம். வேலை முடிந்ததும் சாவியை அடுத்த பணியிடம் கொடுத்துவிட வேண்டும்.

பூட்டு இருந்தும் சிக்கல் எப்படி வந்தது? ஒரு பள்ளியைக் கற்பனை செய்துகொள்வோம். பொருளறைக்கு ஒரே சாவிதான் உண்டு. முதலாம் படிவ மாணவன் ஒருவன் அச்சாவியைப் பெற்று, அறையைத் திறந்து பொருள் எடுத்துக்கொண்டிருக்கிறான். பள்ளி முதல்வருக்கும் அந்த அறையிலிருந்து அவசரமாக ஒரு பொருள் தேவைப்படுகிறது. அவர் வாசலில் காத்திருக்கிறார். மாணவனுக்கு இன்னும் ஒரு நிமிட வேலையே பாக்கி. அதற்குள் மாணவத் தலைவர்கள் வந்து, "தம்பி, முதலில் நாற்காலிகளை அடுக்கிவிட்டு வா," என்று அவனை அழைத்துச் செல்கின்றனர். சாவியும் அவனோடு போய்விடுகிறது. இப்போது முதல்வரைக் காக்க வைப்பவர்கள் யார்? முதல்வரைவிடத் தாழ்ந்த பொறுப்பில் உள்ள மாணவத் தலைவர்களே!

செவ்வாயிலும் இதுவே நடந்தது. வானிலைப் பணி பூட்டைத் தன் வசம் வைத்திருந்தபோது, நடுத்தர முன்னுரிமை கொண்ட பணிகள் குறுக்கிட்டன. வானிலைப் பணி பாதியில் நின்றது. தகவல் பகிரும் பணி பூட்டுக்காகக் காத்துக் கிடந்தது. அது தன் வேலையை நொடிக்கு 8 முறை தவறாமல் முடிக்க வேண்டும். குறித்த நேரத்தில் முடிக்கவில்லை என்பதைக் கண்காணிப்புப் பணி கண்டறிந்தது. பெரும் கோளாறு ஏற்பட்டுவிட்டதாகக் கருதி, கணினியையே மீண்டும் தொடங்கச் செய்தது. உயர்ந்தது காத்திருக்க, நடுத்தரமானது முந்திச் செல்லும் இந்நிலையை 'முன்னுரிமைத் தலைகீழாக்கம்' என்று கூறுவர்.

பூமியில், பாத்ஃபைண்டரைப் போலவே அமைந்த மாதிரிக் கணினி ஒன்று பொறியாளர்களிடம் இருந்தது. மென்பொருளின் ஒவ்வோர் அசைவையும் பதிவு செய்தபடி, அதனை மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்த்தனர். இறுதியில், செவ்வாயில் ஏற்பட்ட அதே கோளாறு அதிலும் தோன்றியது. பதிவுகளை ஆராய்ந்தபோது காரணம் தெளிவானது.

இச்சிக்கலுக்கான தீர்வு முன்பே கண்டறியப்பட்டிருந்தது. லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி ஆகிய மூவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் அதனை விளக்கியிருந்தனர். இவர்களுள் ராஜ்குமார், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். அவர்களது தீர்வு எளிமையானது. உயர்ந்த பணி ஒன்று பூட்டுக்காகக் காத்திருந்தால், பூட்டை வைத்திருக்கும் தாழ்ந்த பணிக்குத் தன் முன்னுரிமையைச் சற்று நேரம் இரவலாகக் கொடுக்க வேண்டும். அப்போது நடுத்தரப் பணிகளால் குறுக்கிட முடியாது. பூட்டு விடுபட்டவுடன் தாழ்ந்த பணி தன் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். முதல்வரின் அதிகாரம் அம்மாணவனுக்குச் சில நிமிடம் கிடைத்திருந்தால், அவனை யாரும் நாற்காலி அடுக்க அழைத்திருக்க முடியாதல்லவா?

பாத்ஃபைண்டரின் மென்பொருளில் இந்த வசதி ஏற்கனவே இருந்தது. ஆனால், இயக்கப்படாமல் இருந்தது. பொறியாளர்கள் அதனை இயக்கும் சிறு திருத்தத்தைத் தயாரித்து, மாதிரிக் கணினியில் சோதித்த பிறகு, வானொலி அலை வழியாகச் செவ்வாய்க்கு அனுப்பினர். அச்சிக்கல் தீர்ந்தது. 30 நாளுக்கெனத் திட்டமிடப்பட்ட கலம், ஏறக்குறைய மூன்று மாதம் பூமியுடன் தொடர்பில் இருந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் நடைபெற்ற கணினி அறிஞர்களின் மாநாட்டில் இந்நிகழ்வு விரிவாக எடுத்துரைக்கப்பட்டது. கட்டுரையை எழுதிய மூவரும் அந்த அரங்கிலேயே அமர்ந்திருந்தனர். உரையின் முடிவில் அவர்களை எழுந்து நிற்கச் சொல்லிச் சிறப்பித்தனர். தாளில் எழுதிய கருத்து வேறொரு கோளில் பயன்பட்டதை அவர்கள் நேரில் கேட்டறிந்தனர்.

இன்று நம் கைப்பேசிகளில்கூடப் பல செயலிக் கருக்கள் இணைந்து வேலை செய்கின்றன. அவையும் நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டே இயங்குகின்றன. எனவே, பாத்ஃபைண்டர் கற்றுத்தந்த பாடம் பழமையாகவில்லை. பொதுவான ஒன்றைப் பாதுகாக்கப் பூட்டு மட்டும் போதாது. சாவியை வைத்திருப்பவர் சிறியவரே ஆனாலும், அவர் தம் வேலையை விரைந்து முடிக்கத் துணைநிற்க வேண்டும். அதுவே காத்திருக்கும் அனைவருக்கும் நன்மை தரும்.