சாட்சி நேரத்தில் சொல்ல ஒன்றுமில்லையா?

"ஐயா, எனக்கு 42 வயது. தனியார் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் 17 வருடமாக வேலை பார்க்கிறேன். என்னோடு படித்தவர்கள் கனடா, துபாய் என்று செட்டிலாகிவிட்டார்கள். சபையில் சாட்சி நேரம் வந்தாலே எனக்குத் தலை தாழ்ந்துவிடுகிறது. ஒருவர் விசா கிடைத்ததற்கும், ஒருவர் புது வீட்டுக்கும், இன்னொருவர் மகளுக்கு மெடிக்கல் சீட் கிடைத்ததற்கும் ஸ்தோத்திரம் சொல்கிறார்கள். எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அப்பாவை வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டியிருப்பதால், போன வருடம் வந்த பதவி உயர்வையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கர்த்தர் என்னை மறந்துவிட்டாரா? நான் தோற்றுப்போனவனா?"

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். இதே பாரத்தோடு ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, ஆசீர்வாதம் கூறி முடிப்பதற்குள் வெளியே போய்விடுகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களையும் நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

வீடு, விசா, சீட் எல்லாம் நன்மைகளே. அவற்றுக்கு நன்றி சொல்வதில் தவறில்லை. ஆனால் அவை மட்டுமே சாட்சியாகும்போது, அவை கிடைக்காதவனை ஆண்டவர் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் யாரும் போதிக்காமலே சபைக்குள் நுழைந்துவிடுகிறது. உங்களை வாட்டுவது அந்த எண்ணம்தான்.

நீங்கள் கணக்குப் பார்க்கிறவர். அதனால் இயேசு சொன்ன கணக்குக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் எஜமான் ஒருவனுக்கு ஐந்து தாலந்து, இன்னொருவனுக்கு இரண்டு, மற்றவனுக்கு ஒன்று கொடுத்துவிட்டுப் போகிறான். ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6000 நாள் கூலி. ஒரு தொழிலாளி 20 வருடம் உழைத்தால் கிடைக்கும் பணம். ஒன்றைப் பெற்றவனுக்கும் கிடைத்தது சில்லறை அல்ல. ஐந்தைப் பத்தாக்கியவனுக்கும் இரண்டை நான்காக்கியவனுக்கும் எஜமான் சொன்ன பாராட்டை 21ஆம் வசனத்திலும் 23ஆம் வசனத்திலும் ஒப்பிட்டுப் பாருங்கள். வார்த்தைக்கு வார்த்தை ஒன்றே. இருவரையும் அருகருகே நிறுத்தி யார் அதிகம் என்று அவன் பார்க்கவில்லை. கொடுத்ததில் உண்மையாக இருந்தார்களா என்று மட்டுமே பார்த்தான். தன் ஒரு தாலந்தை மண்ணில் புதைத்து வைத்தவன்கூடக் கையாடல் செய்யவில்லை, பயந்து ஒன்றும் செய்யாமல் இருந்தான். அவன் குற்றம் அதுதான்.

இதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. டாக்டர் மேரி வர்கீஸ் கொச்சியில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். 1954இல் நடந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போய்விட்டன. விபத்தை ஆண்டவர்தான் அனுப்பினார் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

அதே கல்லூரியின் மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை டாக்டர் பால் பிராண்ட் செய்துவந்தார். நல்ல நிலையில் உள்ள தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தி, விரல்களை மறுபடி வேலை செய்யவைக்கும் நுட்பமான வேலை அது. உட்கார்ந்தபடியே செய்யலாம். அந்த வழியை அவர் மேரிக்குக் காட்டினார். சக்கர நாற்காலியில் அறுவை அரங்குக்குள் போன மேரி, சோறு பிசைய முடியாத கைகளைப் பிசையவைத்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையைக் கட்டியெழுப்பினார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1972இல் பத்மஸ்ரீ வந்தது.

ஆசைப்பட்டது அவருக்குக் கிடைக்கவில்லை. போனது திரும்பவும் இல்லை. இரண்டு கைகள் மீதி இருந்தன, அவற்றைப் புதைக்கவில்லை. பத்மஸ்ரீ வராமல் போயிருந்தாலும் நிமிர்ந்த விரல்கள் நிமிர்ந்தவையே. விசுவாசி வெற்றி என்று சொல்ல வேண்டியது அதைத்தான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை.

முதலாவது, இரண்டு பத்தி எழுதுங்கள். ஒரு நோட்டில் இடது பக்கம் உங்கள் கையில் கொடுக்கப்பட்டவை: தொழில் அறிவு, நேரம், உடல் பலம், பணம், மனிதர்கள். வலது பக்கம் ஒவ்வொன்றாலும் கடந்த ஒரு மாதத்தில் நன்மை பெற்றவர்களின் பெயர்கள். 'சமுதாயம்', 'சபை' என்று எழுதிவிடாமல் ஆள் பெயரை எழுதுங்கள். பெயர் இல்லாத வரிதான் நீங்கள் புதைத்து வைத்திருக்கும் தாலந்து. அடுத்த மாதம் அந்த ஒரு வரியை மட்டும் தோண்டி எடுங்கள்.

இரண்டாவது, பாஸ்புக்கையும் கைபேசியையும் பாருங்கள். போன மாதம் பணம் எங்கே போனது, இரவு பத்து மணிக்குமேல் நேரம் எங்கே போனது? நாம் எதைத் தேடுகிறோம் என்பதை ஜெபத்தைவிட இவை தெளிவாகச் சொல்லும். லூக்கா 12இல் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவானின் பேச்சைக் கவனியுங்கள். எல்லாம் தன் தானியம், தன் களஞ்சியம், தன் ஆத்துமா. அந்தப் பேச்சில் வேறு ஒரு மனிதன் பெயருக்குக்கூட வருவதில்லை.

மூன்றாவது, மனச்சோர்வில் வேலையை விட்டுவிட்டு 'முழுநேர ஊழியத்துக்கு' ஓடாதீர்கள். ஊழியத்துக்கு அழைப்பு உண்டு, ஆனால் அலுவலகத்தின் மீதுள்ள வெறுப்பு அழைப்பு ஆகாது. யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில் தேவ ஆவியால் நிரப்பப்பட்டவனாகச் சொல்லப்படும் பெசலெயேல் பொன், வெள்ளி, மர வேலை செய்த கைவினைஞன். பவுல் கூடாரம் செய்து பிழைத்தார். பொய் பில்லுக்குக் கையெழுத்துப் போடாத, சிறிய சப்ளையரின் பணத்தை இழுத்தடிக்காமல் தேதியில் கொடுக்கிற கணக்காளனும் ஊழியக்காரனே.

நான்காவது, வாரத்தில் ஒரு நாள் ஒப்பீட்டிலிருந்து உபவாசம் இருங்கள். அன்று நண்பர்களின் ஸ்டேட்டஸ் பார்க்க வேண்டாம். வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது பிள்ளைகளிடம் மார்க் கேட்பதற்கு முன், "இன்றைக்கு யாருக்கு உதவினாய்?" என்று கேளுங்கள். வீட்டில் எதை எடுத்து அளக்கிறோமோ அதைத்தான் பிள்ளைகள் நாளை தங்கள் மேலும் வைத்துப் பார்ப்பார்கள்.

ஐந்தாவது, நல்ல சம்பளம் தேடுவது பாவமல்ல. கடன் இருந்தால் அடைக்கத் திட்டமிடுங்கள், தகுதிக்கேற்ற வாய்ப்பு வந்தால் விண்ணப்பியுங்கள். ஆனால் தூக்கம் கெட்டு, வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால், ஜெபத்தோடு மருத்துவரையும் பாருங்கள். மாத்திரை சாப்பிடுவதால் விசுவாசம் குறைந்துவிடாது.

கடைசியாக ஒன்று. சொல்ல ஒன்றுமில்லை என்று எழுதிய கையோடு அடுத்த வரியில் அப்பாவின் டயாலிசிஸைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதை நஷ்டக் கணக்கில் போட்டிருக்கிறீர்கள், பதவி உயர்வைத் தின்ற செலவாக. ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்து, முடிந்ததும் தள்ளாடுகிற அப்பாவைத் தோளில் தாங்கி, ஆட்டோவில் ஏற்றிவிட்டு, செருப்பை எடுத்துக் காலில் மாட்டிவிடுகிறீர்கள் அல்லவா? சீஷர்களின் காலைக் கழுவியவர் அதை எந்தப் பத்தியில் எழுதுவார் என்று யோசியுங்கள்.

வருகிற ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்து நில்லுங்கள் தம்பி. "இந்த வாரமும் என் அப்பாவை இரண்டு தடவை பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவர ஆண்டவர் பலம் தந்தார்" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். கடைசி பெஞ்சில் இருக்கும் ஒருவர் அன்றைக்கு ஆராதனை முடியும்வரை இருப்பார்.