மேடை ஒலியும் குழு ஒழுங்கும்

கேள்வி: மெல்லிசைக் குழுவினர் சிலர் ஒலிச் சோதனைக்கு வராமல் கச்சேரி நேரத்துக்கே வருகின்றனர், மேடையில் பாடகருக்குத் தம் குரலே கேட்பதில்லை, மைக்கும் ஊளையிடுகிறது. தீர்வு என்ன?

பதில்: முதல் குறையே இரண்டாவதற்குப் பெரிதும் காரணமாகிறது. இசைஞரை நோக்கி வைக்கப்படும் மானிட்டர் என்னும் ஒலிபெருக்கியின் ஒலி மீண்டும் மைக்குக்குள் புகுந்து, பெருக்கப்பட்டு, திரும்பத் திரும்பச் சுழலும்போது எழும் ஊளையே ஃபீட்பேக் எனப்படுகிறது. முன்புற ஒலியையே மிகுதியாக ஏற்கும் கார்டியாய்டு வகை மைக்கின் பின்பக்கத்துக்கு நேராக மானிட்டரை வைப்பதும், அத்திசைப் பண்பு குலையாதவாறு மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்தாதிருப்பதும் ஊளையை வெகுவாகக் குறைக்கும். கிதார்க் கலைஞர் தம் ஒலியைக் கூட்ட, டிரம்ஸ் கலைஞர் மேலும் ஓங்கி அடிக்க, பாடகர் மானிட்டரை உயர்த்தக் கோரும் போட்டியே பல மேடைகளைக் கெடுக்கிறது; இதற்கு ஒலிப்பொறியாளர் ஒருவரையே குறைகூறுவது நியாயமன்று, ஏனெனில் சோதனைக்கு வராத வாத்தியத்தின் அளவை அவர் முன்கூட்டி அறிய இயலாது.

ஆகவே, சோதனை நேரத்தை நிகழ்ச்சி ஒப்புக்கொள்ளும்போதே எழுத்தில் உறுதிசெய்வதும், தவறியவரிடம் கச்சேரி முடிந்தபின் தனியே பேசுவதும் முறையாகும்; திறந்த மைக்கின் முன் கடிந்துகொள்வது அவையோரையும் அவமதிக்கும். தொடர்ந்து தவறுபவருக்கு மாற்றுக் கலைஞரை ஆயத்தமாக வைத்திருப்பது, நேரத்துக்கு வந்து உழைக்கும் மற்றவர்களுக்குக் குழுத்தலைவர் ஆற்றவேண்டிய கடமை.