பதினொரு வயது நாய் இடம் மாறினால்…

பதினொரு வயது நாய்க்கு மனிதக் கணக்கில் என்ன வயது? "ஏழால் பெருக்கினால் 77" என்று உங்களில் பலர் உடனே விடை சொல்லிவிடுவீர்கள். மனிதன் ஏறக்குறைய 70 ஆண்டு வாழ்கிறான், நாய் 10 ஆண்டு வாழ்கிறது, ஆகவே ஒன்றுக்கு ஏழு என்பது அந்தக் கணக்கு. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். ஒரு வயது நிரம்பிய பெண் நாய் குட்டி போட்டுப் பாலூட்டும். அதை ஏழு வயதுச் சிறுமியோடு ஒப்பிட முடியுமா?

அமெரிக்காவில் சான்டியாகோ நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2020-ஆம் ஆண்டு வேறொரு கணக்கை வெளியிட்டார்கள். 104 லாப்ரடார் நாய்களின் இரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து அவர்கள் ஆராய்ந்தார்கள். டி.என்.ஏ.வில் உள்ள எழுத்துக்கள் வாழ்நாளில் பெரும்பாலும் மாறுவதில்லை. ஆனால் அவற்றின் மீது ஒரு கார்பன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த மீத்தைல் தொகுதிகள் ஆங்காங்கே ஒட்டிக்கொள்கின்றன. சில இடங்களில் விட்டும் போகின்றன. வயது ஏற ஏற இவை அமைந்திருக்கும் விதம் மாறுகிறது. நாயின் மாற்றத்தையும் மனிதனின் மாற்றத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கிடைத்த சூத்திரம் இது: நாயின் வயதுக்கு இயல் மடக்கை கண்டு, அதை 16-ஆல் பெருக்கி, 31-ஐக் கூட்ட வேண்டும்.

மடக்கை அட்டவணை கையிலிருந்தால் நீங்களே போட்டுப் பாருங்கள். 11-க்குச் சாதாரண மடக்கை 1.0414. அதை 2.303-ஆல் பெருக்கினால் இயல் மடக்கை 2.398. பிறகு 16-ஆல் பெருக்கி 31-ஐக் கூட்டினால் ஏறக்குறைய 69. இதே முறையில் ஒரு வயது நாய்க்கு 31, இரண்டு வயதுக்கு 42, எட்டு வயதுக்கு 64 என்று வரும். அதாவது நாய் முதல் இரண்டு ஆண்டில் ஓட்டமாக ஓடி வளர்ந்துவிடுகிறது. அதன் பிறகு மெதுவாக நடக்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இது லாப்ரடார் நாய்க்கான சூத்திரம். பெரிய உடல் கொண்ட கிரேட் டேன் எட்டு வயதிலேயே கிழமாகிவிடும். சிறிய உடல் கொண்ட இனங்கள் 14, 15 வயது வரைகூடத் தாக்குப் பிடிக்கும். யானை எலியைவிட நெடுநாள் வாழ்கிறது. நாய் இனத்துக்குள் மட்டும் பெரியது முந்திக்கொண்டு சாகிறது. விந்தைதான்!

இந்த 69 வயதுக்காரரை ஒரு நாள் வீட்டைவிட்டு வெளியேற்றி, முன்பின் தெரியாத ஐம்பது பேரோடு ஒரு கூடத்தில் விட்டால் என்ன ஆகும்? விலங்குக் காப்பகத்தில் ஒப்படைக்கப்படும் வயதான நாயின் நிலை ஏறக்குறைய அதுதான்.

நாயை ஏன் ஒப்படைக்கிறார்கள்? வாடகை வீடு மாறுகிறது, வளர்த்த பெரியவர் இறந்துவிடுகிறார், மருத்துவச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று எந்த ஊரிலும் காரணங்கள் உண்டு. புதுச்சேரியில் இன்னொரு காரணமும் சேரக்கூடும். 1962-இல் பிரெஞ்சிந்தியப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே பல உண்டு. பிள்ளைகளின் படிப்புக்கும் வேலைக்கும் பிரான்சுக்குக் குடிபெயர்வது அந்த வீடுகளில் சாதாரண செய்தி. நாயையும் அழைத்துச் செல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். செல்லலாம், ஆனால் அவசரத்துக்கு முடியாது.

இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குச் செல்லும் நாய்க்கு முதலில் தோலுக்கடியில் அரிசி மணி அளவு மைக்ரோசிப் பொருத்த வேண்டும். பிறகு வெறிநோய்த் தடுப்பூசி. அதிலிருந்து குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும். ஒரு மில்லி லிட்டரில் எதிர்ப்பொருள் 0.5 அலகாவது இருக்க வேண்டும். அதற்கு மேலும், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். எதற்கு இந்தக் காத்திருப்பு? ஊசி போடும் முன்பே நாய் உடலில் வெறிநோய் வைரஸ் புகுந்திருந்தால், அது நரம்பு வழியே மெல்ல மூளைக்கு ஏறி நோயாக வெளிப்பட வாரங்களோ மாதங்களோ பிடிக்கும். அந்த அவகாசத்தில் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். மொத்தத்தில் நான்கு மாதம். விமான டிக்கெட் எடுத்த பிறகு இந்த விவரத்தைக் கேள்விப்படும் வீட்டில், நாய்க்கு மட்டும் இடமில்லாமல் போய்விடுகிறது.

சிலர் காப்பகத்தைத் தேடும் சிரமம்கூடப் படாமல், ஏதாவது ஒரு தெருவில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். "தெருவில் எத்தனையோ நாய் பிழைக்கிறதே, இதுவும் பிழைத்துக்கொள்ளாதா?" என்பது அவர்கள் வாதம். பிழைக்காது என்றே சொல்ல வேண்டும். தெரு நாய்க்கு எல்லை உண்டு, கூட்டம் உண்டு, எந்தக் கடையில் எப்போது எலும்பு விழும் என்ற அறிவு உண்டு. குருசுக்குப்பத்து நாயைப் பக்கத்து வைத்திக்குப்பத்தில் விட்டாலே அங்குள்ள நாய்கள் விரட்டும். கருத்தடை செய்த தெரு நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் கூறுவதற்கு இந்த எல்லையுணர்வும் ஒரு காரணம். பதினொரு ஆண்டு தட்டில் சோறு தின்ற வீட்டு நாய்க்கு இவை எதுவுமே தெரியாது. தக்க காரணமின்றி, பட்டினியால் துன்பப்படும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அந்தச் சட்டம் வகுத்த அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய்! ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே இன்று அது போதாது.

ஆகவே, வேறு வழியே இல்லாதபோது காப்பகம் மேல். காப்பகங்கள் புதியவையல்ல. லண்டனில் மேரி டீல்பி என்ற பெண்மணி 1860-இல் தொடங்கிய நாய் இல்லம் பாட்டர்சீ என்ற இடத்துக்கு மாறி இன்றும் நடக்கிறது. சென்னையில் கேப்டன் சுந்தரம் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, 1964-லேயே தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்யும் பணியில் இறங்கியது.

இனி நாயின் உடலுக்குள் போவோம். புதிய இடம், புதிய வாடை, ஓயாத குரைப்பு. காப்பகக் கூண்டுகளில் ஓசை 100 டெசிபெல்லைத் தாண்டுவதுண்டு. ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பிக்கு ஆணையிடுகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் அட்ரீனல் சுரப்பிக்கு ஆணையிடுகிறது. அட்ரீனல் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. உடனே இரத்தத்தில் சர்க்கரை கூடுகிறது. உடல் ஓடவோ எதிர்த்து நிற்கவோ தயாராகிறது. ஓட இடமில்லாத கூண்டில் இந்தத் தயார்நிலையால் என்ன பயன்? நாள்கணக்கில் நீடித்தால் பசி குறையும், வயிறு கெடும், நோய் எதிர்ப்புத் திறன் தளரும்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலக் காப்பகம் ஒன்றில் நாய்களின் இரத்தத்தைச் சோதித்து 1997-இல் வெளியிட்ட ஆய்வில், வந்த முதல் மூன்று நாட்களில் கார்டிசால் அளவு வீட்டு நாய்களின் அளவைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. பின்னர் மெல்ல இறங்கியது. இந்தச் சுரப்புக்கு ஒரு தடையும் மூளையிலேயே இருக்கிறது. நினைவாற்றலுக்குப் பெயர்போன ஹிப்போகாம்பஸ் பகுதி, "போதும், நிறுத்து" என்று செய்தி அனுப்பும். முதுமையில் இந்தத் தடை பலவீனமாகிறது என்பதை எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. இளம் நாய் இரண்டு நாளில் வாலாட்டத் தொடங்கும்போது, கிழ நாய் மூலையில் முகம் திருப்பிப் படுத்திருப்பதை இதோடு பொருத்திப் பாருங்கள்.

அதிர்ச்சி எவ்வளவு ஆழத்துக்குப் போகும் என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. மணியோசை கேட்டு எச்சில் ஊறும் நாய்களைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள், பாவ்லோவின் நாய்கள். 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் வெள்ளம் வந்து ஆய்வகத்துக்குள் புகுந்தது. கூண்டுகளில் நீர் ஏறி மூழ்கும் நிலையிலிருந்த நாய்களை ஊழியர்கள் நீந்த வைத்துக் காப்பாற்றினார்கள். பிறகு பார்த்தால், சில நாய்கள் பல மாதம் கற்ற பழக்கங்களை இழந்திருந்தன! நன்றாகப் பழகிய நாய் காப்பகத்தில் "உட்கார்" என்ற சொல்லுக்குக்கூட அசையாமல் இருந்தால் அது புத்தி கெட்டது என்று எண்ணக் கூடாது என்பது இதிலிருந்து தெரிகிறதல்லவா? 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் வந்து, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதே, அதற்கு அகப்பட்ட நாய்களிடமும் யாராவது இதைக் கவனித்துப் பார்த்திருக்கலாம்.

காப்பகத்துக்கு நாய் தேடி வருபவர்கள் கிழ நாயை ஒதுக்குவதற்குப் பெரும்பாலும் அதன் கண் காரணமாகிறது. "குருடு போலிருக்கிறதே" என்று நகர்ந்துவிடுவார்கள். கண்ணின் லென்சில் வாழ்நாள் முழுதும் புதிய இழைகள், வெங்காயத் தோல்போல, அடுக்கடுக்காகச் சேருகின்றன. இடமோ சிறியது, நடுப்பகுதி நெருக்கப்பட்டு இறுகுகிறது. இறுகிய பகுதியில் ஒளி சிதறுவதால் ஏழெட்டு வயதுக்குமேல் கண்ணில் நீலச் சாம்பல் நிறம் தெரியும். இது கண்புரை அல்ல! இப்படிப்பட்ட கண்ணால் நாய் ஓரளவு நன்றாகவே பார்க்கும். கண்புரையில்தான் லென்ஸ் வெளுத்து ஒளியை மறைக்கும். இரண்டையும் கால்நடை மருத்துவர் கருவி வைத்துப் பார்த்துச் சில நிமிடங்களில் பிரித்துச் சொல்லிவிடுவார். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

காது அப்படியல்ல, எட்டுப் பத்து வயதிலிருந்து உண்மையாகவே மந்தமாகிறது, அதிலும் உயர் சுருதி ஒலிகள் முதலில் போகின்றன. பின்னாலிருந்து வந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடித்துவிடும். எப்போதும் கண்ணில் படும்படி முன்னால் வந்து, கையை முகர விட வேண்டும். (எந்த நாய் கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள்.)

இரவில் காரணமின்றி அலைவது, தெரிந்த இடத்திலேயே வழி தவறுவது, சுவரைப் பார்த்து நிற்பது ஆகியவை மூளை முதுமையின் அறிகுறிகள். 2001-இல் கலிபோர்னியாவில் எடுத்த கணக்கில், 11–12 வயது நாய்களில் 28 சதவீதத்திலும் 15–16 வயது நாய்களில் 68 சதவீதத்திலும் இவற்றில் ஒன்றேனும் தென்பட்டது. அந்த மூளைகளில் படியும் புரதம் மனிதரின் அல்சைமர் நோயில் படியும் அதே வகைதான். ஆனால் 28-ஐ நூறிலிருந்து கழித்துப் பாருங்கள். பதினொரு வயதில் பத்துக்கு ஏழு நாய்கள் தெளிவாகவே இருக்கின்றன.

எல்லாவற்றிலும் நெடுநாள் உழைப்பது மூக்கு. அட்லாண்டாவிலுள்ள எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர், எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழகிய 12 நாய்களுக்குப் பலவித வாடைகளைக் காட்டினார்கள். தன் வாடை, வேறு நாயின் வாடை, அறியாத மனிதரின் வாடை என எத்தனையோ இருக்க, மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய காடேட் பகுதி மிக அதிகமாகத் தூண்டப்பட்டது பழகிய மனிதரின் வாடைக்குத்தான். அந்த மனிதர் அந்த அறையிலேயே இல்லை!

ஒப்படைக்கும் வீட்டார் துவைக்காத பழைய போர்வையையோ லுங்கியையோ உடன் கொடுத்தனுப்புவது இதனால் மிக நல்லது. பழக்கமான உணவு எது, தடுப்பூசி போட்ட நாள், எந்தச் சொல்லுக்குப் பழகியது ("வா" என்றா, "வியான்" என்றா?), எதற்குப் பயம் என்பவற்றை எழுதிக் கொடுத்தால் காப்பக ஊழியருக்குப் பாதி வேலை மிச்சம். மனிதத் துணையும் கார்டிசாலை இறக்குகிறது. வந்த இரண்டாம் நாளில் ஒருவர் 45 நிமிடம் உடனிருந்து தடவிக் கொடுத்த நாய்களுக்கு மூன்றாம் நாள் எச்சிலில் கார்டிசால் குறைவாக இருந்ததை 2006-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 2019-இல் 207 காப்பக நாய்களை ஓரிரு இரவு மட்டும் வீடுகளுக்கு அனுப்பிச் சோதித்தார்கள். வீட்டிலிருந்தபோது அளவு இறங்கியது. திரும்பியதும் பழைய அளவுக்கு ஏறியது. அதற்குமேல் ஏறவில்லை. "அழைத்துப் போய்த் திரும்ப விட்டால் ஏங்கிப்போகும்" என்ற அச்சத்துக்கு அது ஒரு பதில்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ வயதான நாய் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். அது நன்றாகத் தூங்கும்போது, எழுப்பாமல், விலா உயர்ந்து தாழ்வதை ஒரு மூச்சாகக் கொண்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பெரும்பாலும் 30-க்குள் இருக்கும். ஒரு வாரம் தினமும் எண்ணித் தேதியிட்டு எழுதுங்கள். எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறி 30-ஐத் தாண்டினால் இதயக் கோளாறின் தொடக்கமாக இருக்கலாம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, பெரியவர்களோடு மருத்துவரிடம் போங்கள்.