இலைகள் நிறம் மாறுவது ஏன்?

அக்டோபர் இறுதியில் ஸ்ரீநகரின் சாலையோரங்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் நிற்கும் சினார் மரங்கள் பசுமை நீங்கி, மஞ்சளாகிப் பின்னர்ச் செந்நிறம் கொள்கின்றன. முகலாயர் காலத்துத் தோட்டமாகிய நசீம் பாக்கில் இக்காட்சியைக் காண மக்கள் திரளுவர்.

பகற்பொழுது குறுகிக் குளிர் மிகும்போது இலையிலுள்ள பச்சையம் சிதைகிறது. அதுகாறும் அதனால் மறைந்திருந்த கரோட்டினாய்டு என்னும் மஞ்சள் நிறப்பொருள் வெளிப்படுகிறது. செந்நிறமோ புதிதாக உண்டாவது. இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து ஆந்தோசயனின் என்னும் நிறப்பொருள் உருவாகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறைபனியற்ற குளிரும் அமையுமாயின் இச்செம்மை மிகும்.

சமவெளியில் வாழ்வோரும் இத்தகைய மாற்றத்தைத் தம் வீட்டருகே காணலாம். நாட்டு வாதுமையின் முதிர்ந்த இலைகளும் உதிருமுன் சிவக்கின்றன.

நிறம் மாறும் காலத்தில் மரம் இலையிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதியைக் கிளைகளுக்கு மீட்டுக்கொள்கிறது. பின்னர் இலைக்காம்பின் அடியில் பிரிபடலம் தோன்ற, இலை உதிர்கிறது. எனினும் எல்லாச் சத்தும் மீள்வதில்லை. எஞ்சியது சருகிலேயே தங்குகிறது.

காஷ்மீரத்தில் சினார்ச் சருகுகளை எரித்துக் கரியாக்கி, காங்கிரி என்னும் கணப்புச் சட்டியில் இடுவது நெடுநாளைய வழக்கம். அது குளிரைப் போக்குமெனினும், எரிக்கும்போது எழும் புகை மூச்சுக்கு ஊறு செய்யும். சருகிலுள்ள தழைச்சத்தும் பெரும்பாலும் வீணாகும். மாறாக, சருகைக் குழியிலிட்டு, சாணமும் மண்ணும் கலந்து, ஈரம் குன்றாது காத்தால் நல்ல உரமாகும். கண்ணுக்கு விருந்தான இலை அவ்வாறே மண்ணுக்கும் உணவாகிறது.